மண்ணெண்ணெய்ப் புட்டி

"எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் சுவாமி. இன்னும் ஏன் எனக்குத் துறவாடை தர மறுக்கிறீர்கள்?"

கேட்டவர் ஆபத்சகாயம். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவர். இப்போது மடத்துப் பள்ளியின் ஆய்வகம் அவர் பொறுப்பு. குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

வீடு, நிலம், பதவிப் பெருமை, நாவின் ருசி என்று தாம் விட்டவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்து விரல்களும் மடங்கிவிட்டன.

குரு எதையும் மறுக்கவில்லை. அன்று காலை ஆய்வக வாசலில் நடந்ததை மட்டும் விசாரித்தார்.

புதிய ஆசிரியை செங்கமலம், வகுப்புக்குச் சோதனைக் குழாய்கள் வேண்டுமென்று வந்திருக்கிறார். ஆபத்சகாயம் தர மறுத்து, மாணவிகள் முன்னிலையிலேயே சீறியிருக்கிறார். அந்த அம்மையாரும் சளைக்கவில்லை. "ஆய்வகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த மாதத்தில் இது நான்காவது சண்டை.

"அவருக்கு வாய் அதிகம் சுவாமி."

குரு, ஆய்வகத்தில் எண்ணெயில் போட்டு வைத்திருக்கும் உலோகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆபத்சகாயம் இடுப்பில் செருகியிருந்த சாவியால் ஆய்வகத்தைத் திறந்து, புட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் பூட்டிவிட்டு வந்தார்.

"இதை ஏன் மண்ணெண்ணெயில் வைத்திருக்கிறீர்?"

"சோடியம் சுவாமி. ஈரக் காற்றே இதற்கு ஆகாது. தண்ணீரில் விழுந்தால் தீப்பிடிக்கும்."

"அவ்வளவு பொல்லாததா?"

ஆபத்சகாயத்தின் குரல் வகுப்பறைக் குரலாயிற்று.

"இதன் அணுவில் எலக்ட்ரான்கள் பதினொன்று. பத்து, உட்கூடுகளில் நிறைவாக அடங்கிக் கிடக்கின்றன. அவற்றால் தொல்லையே இல்லை. வெளிக்கூட்டில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. இத்தனை ஆட்டமும் அந்த ஒன்றால்தான்."

"எப்போது அடங்கும்?"

"அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால்."

"யாரிடம்?"

"குளோரினிடம் கொடுக்கலாம். அது மூக்கைத் துளைக்கும் நச்சு வாயு. அதன் வெளிக்கூட்டில் ஏழு உண்டு. எட்டாகி நிறைய ஒன்று குறைகிறது."

"கொடுத்தபின்?"

"இரண்டும் சேர்ந்து உப்பாகிவிடும் சுவாமி. நாம் அன்றாடம் சோற்றில்…"

சொற்றொடர் முடியவில்லை.

குரு புட்டியை அவரிடமே நீட்டினார்.

"மடம் நல்ல மண்ணெண்ணெய்தான். எத்தனை நாள் இதற்குள்ளேயே கிடப்பீர்?"

ஆபத்சகாயத்தின் கை தன்னையறியாமல் இடுப்பிலிருந்த சாவிக்குப் போயிற்று.

மதியப் பந்திக்குச் செங்கமலம் சற்றுத் தாமதமாக வந்தார். ஆபத்சகாயத்துக்கு எதிரே ஓர் இலை காலியாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்தார். அவர் முந்தானையில் ஆய்வகச் சாவி முடிந்திருந்தது.

"குழாய்களைக் கழுவித்தான் வைத்தேன் ஐயா" என்றார்.

"தெரியும்" என்றார் ஆபத்சகாயம். அவர் போய்ப் பார்த்திருக்கவில்லை.

அன்று பரிமாறியவர் குரு. இலைகளின் ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டே வந்தார். ஆபத்சகாயம் துறவாடையைப் பற்றிக் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை விடியலில் நீராடிவிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு, குரு அடுத்த இலைக்குப் போனார்.