தேயிலை ஜாடி வரும் வழி

"குருவே, யார் முன்னாலும் மண்டியிடாமல் வாழ என்ன வழி?"

இதைக் கேட்டபோது மிதானி பிரபுவுக்கு மூச்சு வாங்கியது. பல்லக்கிலிருந்து இறங்கிக் கோயிலுக்குள் ஓடி வந்திருந்தார். அறுபது வயதுச் சிற்றரசர் ஓடுவது பார்க்க அழகாக இல்லை.

குரு சோகெய்க்கு அவரில் பாதி வயதுதான். புத்தர் சன்னிதியை ஒட்டிய படியில் உட்கார்ந்து, மதியச் சமையலுக்கு மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"முதலில் செருப்பைக் கழற்றுங்கள்" என்றார்.

அப்போது ஜப்பானை ஆண்டவர் ஷோகுன் என்ற படைத்தலைவர். சக்கரவர்த்தி ஒருவரும் இருந்தார். அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். சிற்றரசர்கள் ஓராண்டு சொந்த ஊரிலும் மறு ஆண்டு ஷோகுனின் எடோ நகரத்திலும் இருந்தாக வேண்டும். மனைவி மக்கள் எப்போதும் எடோவில்தான். அவர்களைப் பிணைக்கைதிகள் என்று யாரும் சொல்வதில்லை.

வழியில் இரண்டு பரிவாரங்கள் எதிரெதிரே வந்துவிட்டால், சின்னவர் பல்லக்கைவிட்டு இறங்கி, பெரியவர் போகும்வரை மண்டியிட வேண்டும். கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் விலக்கு.

"எதிரே வருவது யார்?" என்று குரு கேட்டார்.

"கட்சுராகி. ஷோகுனின் சித்தப்பா மகன். எடோவிலிருந்து ஊர் திரும்புகிறான். என் ஆட்கள் பார்க்க, அந்தச் சேற்றில், அவன் காலடியில்..."

"வசந்தம் வந்தாலே எங்கள் கோயிலில் பக்தி பெருகிவிடும். அதற்காகத்தான் வாசலை அகலப்படுத்தினோம்."

மிதானியின் காரியஸ்தர் கென்பெய் பின்னாலேயே வந்து நின்றார்.

"பிரபுவே, இந்தப் பயணத்தில் நாம் நுழையாத கோயில் இல்லை. நாளை மாலைக்குள் எடோ போய்ச் சேராவிட்டால் ஷோகுன் நம் நிலத்தில் கை வைப்பார்."

"தெரியும்."

"எடோவில் உங்கள் மனைவியாரும் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். போன தடவை காலையிலிருந்தே வாசலில்..."

"தெரியும், கென்பெய்."

மிதானி குருவிடம் திரும்பினார். "நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

"கட்சுராகியாகப் பிறந்திருந்தால் உங்களுக்குப் போதுமா?"

"தாராளமாகப் போதும். அவன் யாருக்காகப் பல்லக்கிலிருந்து இறங்கப்போகிறான்?"

வாசலில் தடதடவென்று சத்தம் கேட்டது. பருத்த மனிதர் ஒருவர் பட்டு அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி உள்ளே ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பரிவாரம் மொத்தமும் கோயில் முற்றத்தில் வந்து முட்டி மோதியது.

"முதலில் செருப்பைக் கழற்றுங்கள்" என்றார் குரு.

கட்சுராகி பிரபு கழற்றினார். நேரே போய்ப் புத்தர் முன் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மிதானியும் போய்ப் பக்கத்தில் அமர்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்ன வேண்டுதல்?"

"மழை நிற்க வேண்டும்" என்றார் கட்சுராகி.

"மழை காலையிலேயே நின்றுவிட்டது."

கட்சுராகி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"வெளியே யார் வருகிறார்கள்?"

"ஜாடி."

"எந்த ஜாடி?"

"ஷோகுனின் தேயிலை ஜாடி. வருஷா வருஷம் புதுத் தேயிலை வாங்க எடோவிலிருந்து ஊஜிக்குப் போகுமே, அது. சித்தப்பா மகன் என்றாலும் அதன் முன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. தூக்குகிறவர்களுக்கு இன்று என்ன அவசரமோ."

"ஊஜிக்கு இப்போதுதான் போகிறதா?"

"ஆமாம்."

"அப்படியானால் உள்ளே?"

"ஒன்றுமில்லை. காலி."

"காலி ஜாடி."

"ஷோகுனின் காலி ஜாடி" என்று திருத்தினார் கட்சுராகி.

குரு அடுத்த குருத்தை எடுத்தார். "இது வேக நேரமாகும். இரண்டு பேருக்கும் சேர்த்தே வைக்கிறேன்."

மிதானி குருவைப் பார்த்தார். குருத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பிரபுவே, வெளியே ஜாடி வருகிறது" என்றார் கென்பெய்.

"வரட்டும்."

மிதானி பாதையோரம் போய்ச் சேற்றில் மண்டியிட்டார். அவருடைய ஆட்களும் மண்டியிட்டார்கள். பட்டுத் துணி போர்த்திய பல்லக்கில் ஜாடி ஆடி ஆடி வந்தது. மிதானி நெற்றி தரையில் பட வணங்கினார். அது வளைவு திரும்பி மறைந்தபின், நெற்றிச் சேற்றைக்கூடத் துடைக்காமல், வயிறு குலுங்கச் சிரித்தார்.

கென்பெய் முதலில் பயந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எடோ செல்லும் பாதையில் கண்ணுக்கு எட்டியவரை ஒருவருமில்லை.

"தூக்கச் சொல், கென்பெய். இனி எந்தக் கோயிலும் வேண்டாம். யார் வந்தாலும் இறங்கிக்கொள்கிறேன்."

பல்லக்கு எழும்பியபோது மதிலுக்கு அந்தப் பக்கம் கட்சுராகியின் குரல் கேட்டது.

"யார் அங்கே சிரித்தது?"

"மிதானி பிரபு. எடோவுக்குக் கிளம்பிவிட்டார்."

"நான் இங்கே இருக்கும்போதா? எனக்கு மண்டியிடாமலா?"

"தாங்கள்தான் பிரார்த்தனையில் இருக்கிறீர்களே" என்றார் குரு.