இறக்கைமேல் பத்துப் பேர்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பட்டறையில் வேலாத்தாள் என்றொரு வெல்டர் இருந்தாள். ஒரே ஆள் உட்காரும் குட்டி விமானத்தைத் தன் கையாலேயே கட்டினாள், ஓட்டவும் பழகியிருந்தாள். காலேஜ் மைதானத்தில் பறக்கவிடத் தாளாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தாளாளர் சின்னராஜு ஒன்பது பேர் புடைசூழ வந்தார்.

"இறக்கை எண்ணூறு கிலோ தாங்கும்னு இப்பவே காட்டு. பாரம் ஏத்தறேன்னு காலேஜ் மணல் ஒரு பிடி தொடக்கூடாது. காட்டாட்டி எல்லாம் காயலான் கடைக்குப் போயிரும்!"

சோதனைக்காக முழங்கால் உயரத்தில் கவிழ்த்து வைத்திருந்த இறக்கைமேல் வேலாத்தாள் நீளப் பலகையைப் போட்டாள்.

"அதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா ஐயா? எல்லாரும் இதுமேல வரிசையா உக்காருங்க."

போட்டோ என்றதும் பத்துப் பேரும் முண்டியடித்து ஏறினார்கள். இறக்கை லேசாக வளைந்து, அப்படியே நின்றது.

"ஆளுக்கு எண்பதுன்னு வச்சாலும் எண்ணூறு ஆச்சுங்க. ஐயா எடையே நூறைத் தாண்டுமுங்க. இறங்கறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுருங்க."

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தாளாளர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "அப்ப முதல்ல நான்தான் பறப்பேன்" என்றார்.

"இறக்கைமேல பத்துப் பேருக்கு இடம் குடுத்தேனுங்க ஐயா" என்று ஹெல்மெட்டை மாட்டினாள் வேலாத்தாள். "உள்ள ஒரே சீட்டு. அது கட்டினவளுக்கு."