பொய்யன் சுடலைமுத்து

"ஒருத்தனும் பக்கத்துல உக்கார மாட்டேங்கான் டீச்சர்," என்றார் சுடலைமுத்து.

குருவின் பாதங்களைப் பார்த்துத்தான் சொன்னார். பக்தி எல்லாம் இல்லை. குரு தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

"ம்," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"டீ குடிக்கிற மேசைல எல்லாரும் உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பானுவ. நான் போனா எந்திச்சுப் போயிருவானுவ."

"இடம் தாராளமா இருக்குமே."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

குரு என்றதும் தாடி, காவி, ஆலமரம் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் மங்கையர்க்கரசி. ஊர் பவானி. போலந்தில் ஒரு துறைமுக ஊரில், முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கிறாள்.

சீடனுக்கு நாற்பத்து நாலு. தூத்துக்குடிக்காரர். அதே ஊரில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வெல்டர். ஞானம் தேடியெல்லாம் வரவில்லை, முதுகுவலிக்கு வந்தார். முதுகு சரியாகிவிட்டது. ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. அந்த ஊரில் தமிழில் திட்டு வாங்க வேறு இடம் கிடையாது.

"வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிருவான் டீச்சர்."

"யாரு?"

"போக்தான். எங்க ஃபோர்மேன். என்னைய வச்சுக்கிடவா, திருப்பி அனுப்பவான்னு அவன்தான் சொல்லணும்."

"அனுப்பினா போங்க."

"எங்கன போக? நான் கிளம்பும்போது தெரு முக்குல ஃபிளெக்ஸ் வச்சானுவ. 'ஐரோப்பா செல்லும் எங்கள் சிங்கமே'ன்னு, கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டு விட்டு. அது இன்னும் கிழியலயாம். மழைக்கும் கிழியலயாம். வீட்டுக்காரி ஃபோன்ல சொல்லுதா. அதுக்குக் கீழ நான் பெட்டியத் தூக்கிட்டு நடந்து வரவா?"

மங்கை கால்களை இறக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஃபிளெக்ஸ் விளையாட்டில்லை. பவானிக்காரிக்கும் அது தெரியும்.

"வேலை ஒழுங்காப் பண்ணறீங்களா?"

"நான் வச்ச வெல்டிங்க போக்தானே தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனான். அவன் ஒண்ணும் சொல்லலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"குளிக்கறீங்களா?"

"டீச்சர்!"

"கேக்கணும்ல."

"ரெண்டு வேளை. இந்தக் குளிர்லயும்."

"முதல்ல எப்படி இருந்தாங்க?"

"தங்கமா இருந்தானுவ. முறுக்கு கொண்டு போனேன், அடிச்சுப் பிடிச்சுத் தின்னானுவ. யாத்விகான்னு ஒரு அக்கா, கிரேன் ஓட்டுது. எனக்குக் கையுறை பின்னிக் குடுத்துச்சு. இப்ப என்னையக் கண்டா மேல இருந்து கிரேன் கொக்கிய ஆட்டிக் காட்டுது."

"ஐயோ."

"நேத்து போக்தான் என்னையப் பாத்து ஒரு வார்த்தை சொன்னான். ஃபோன்ல போட்டுப் பாத்தேன். பொய்யன்னு வருது."

"என்ன பொய் சொன்னீங்க?"

"அதத்தான நானும் கேக்கேன்! ஊர்ல சொல்லியிருக்கேன், இல்லங்கல. இங்க வந்து ஒண்ணு கூடச் சொல்லல. பொய் சொல்லுத அளவுக்கு எனக்கு அந்த பாஷை வராது டீச்சர்."

மங்கை பாயில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, எந்திரிங்க. காலைல போனதுல இருந்து சாயங்காலம் கிளம்பற வரைக்கும் அங்க என்ன பேசுவீங்களோ, பேசிக் காட்டுங்க. அவங்க பாஷையிலயே."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். போலிஷில் பேசியதெல்லாம் இந்தக் கதையில் பாடப்புத்தகத் தமிழில் இருக்கும். சுடலைமுத்து பேசிய போலிஷ் அப்படித்தான் இருந்தது. தமிழில் யோசிப்பார். ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிப் போடுவார். அவ்வளவுதான் அவர் படிப்பு.

முதலில் போக்தானாக நின்றார், வயிற்றைத் தள்ளிக்கொண்டு.

"நேற்று வந்தாயா?"

இந்தப் பக்கம் தாவி சுடலைமுத்துவாக நின்றார். பல் எல்லாம் தெரிந்தது.

"வந்தேனே!"

"தினமும் இதையா கேக்கறாரு?"

"தினமும். நம்ம ஊர்ல 'என்ன, வந்தாச்சா'ன்னு கேப்பம்லா, அது கணக்கா. நேத்துன்னு ஏன் சொல்லுதான்னுதான் தெரியல. அந்த பாஷை அப்படி போலன்னு விட்டுட்டேன். ஆனா நான் பதில் சொன்னதும் அவன் மூஞ்சி சுண்டிப் போவுது."

"அப்புறம்?"

"அப்புறம் வேலை. கப்பலுக்குள்ள அந்தச் சத்தத்துல என்னத்தப் பேச?"

"சாயங்காலம்?"

சுடலைமுத்து தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலருகே போனார். அறை முழுக்க ஆட்கள் இருப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். கையைத் தூக்கினார்.

"போய்விட்டு வருகிறேன்!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு நாள் விடாம, எல்லாரு மூஞ்சியும் பாத்துச் சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். சொல்லாம கொள்ளாம போற பழக்கம் நம்மகிட்ட கிடையாது."

மங்கை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால். பிறகு வாயால். பிறகு பாயில் சாய்ந்து உருண்டாள். மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு மூச்சே வரவில்லை.

"என்ன டீச்சர்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"படுங்கண்ணா. காலைத் தூக்கிச் செவுத்துல வையுங்க. நான் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

படுத்தார். வைத்தார்.

மங்கை கம்பளிக்கோட்டை மாட்டினாள். வாசலில் நின்று, போலிஷில், மிக மரியாதையாகச் சொன்னாள்:

"போய்விட்டு வருகிறேன்."

போனாள்.

சுடலைமுத்து காத்திருந்தார்.

பால் வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்தார். பிறகு, பால் கறக்கப் போயிருப்பாள் என்று நினைத்தார்.

கால் மரத்தது. அது தன் கால்தானா என்று சந்தேகம் வந்தது. கீழே முடிவெட்டும் கடையின் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை.

கடைசியில் அவராகவே உருண்டு எழுந்தார். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் படியேறும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் ஏறினார்.

"வாங்கண்ணா," என்றாள் மங்கை.

"நேத்து வாரேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"ஆமா."

"வந்தீங்களா?"

"வந்தேனே!"

பல் எல்லாம் தெரிந்தது.

"எப்ப வந்தீங்க?"

"இதோ, உங்க முன்னாடி நிக்கறேன்ல."

"இது இன்னைக்கு! நான் கேக்கது நேத்து! வாரேன்னு சொன்ன ஆளு வரணும்லா? காலை மேல தூக்கி வச்சுக்கிட்டு ஒருத்தன் கெடக்கான்னு கொஞ்சமாவது... பச்சப் பொய் டீச்சர், இது பச்சப்..."

பொய் என்று சொன்ன வாய் அதோடு மூடவில்லை.

பிறகு பாயைத் தேடி உட்கார்ந்தார்.

"அய்யய்யோ."

"ம்."

"அப்ப அவனுவ தினமும்..."

மங்கை தலையாட்டினாள்.

"டீ குடிக்கிற அறையப் பூட்ட மாட்டானுவளே டீச்சர்! ஒரு ஆளு திரும்பி வாரேன்னு சொன்னா பூட்டக் கூடாதுன்னு அங்க சட்டம். கப்பல் வயித்துக்குள்ள எவனாவது மாட்டிக்கிடக் கூடாதுன்னு. யாராவது ஒருத்தர் இருந்தே ஆகணும். நான் பஸ் ஏறி, வீட்டுக்குப் போயி, சோறு பொங்கி, ரசம் வச்சு..."

தலையில் அடித்துக்கொண்டார்.

"காலைல போயி, வந்தேனேன்னு பல்ல வேற காட்டியிருக்கேன்."

"ம்."

"அப்ப இனிமே என்ன சொல்ல? போறேன்னா?"

சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது எப்படி டீச்சர் வாய்ல வரும்? எங்க வீட்ல எவனும் அப்படிச் சொல்லிட்டுக் கடைக்குக் கூடப் போனது கிடையாது. சொன்னா எங்கம்மா செருப்பக் கழத்திருவா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஏதாவது வழி சொல்லுங்க."

மங்கை எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"போயிட்டு வாங்கண்ணா."

"பதில் சொல்லுங்க."

"போயிட்டு வாங்க."

"குரு கணக்காப் பேசாம ஒரு நாளாவது மனுஷி கணக்காப் பேசுனா என்ன?"

கதவு சாத்திக்கொண்டது. படி முழுக்கத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை போக்தான் வழக்கம்போலக் கேட்டார்.

"நேற்று வந்தாயா?"

"இல்லை," என்றார் சுடலைமுத்து.

போக்தான் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே போய்விட்டார்.

விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். என்னவென்று விளக்குவது? 'எங்கள் ஊரில் போகிறேன் என்றால் ஒரேயடியாகப் போகிறேன் என்று ஆகிவிடும். அதனால் வருகிறேன் என்போம். ஆனால் வரமாட்டோம்.' இதைத் தமிழிலேயே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பொய்யன் பட்டம் போய்ப் பைத்தியக்காரன் பட்டம் வரும்.

அதனால் அன்று பூராவும் வெல்டிங் முகமூடிக்குள்ளேயே பயிற்சி எடுத்தார். போகிறேன். போகிறேன். ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும், முருகா என்று ஒன்று சேர்த்துக்கொண்டார், பாதுகாப்புக்கு.

சாயங்காலம் ஆனது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அறையில் போக்தானும் யாத்விகாவும் மட்டும். போக்தான் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். யாத்விகா பையைத் தோளில் மாட்டி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடலைமுத்து தொப்பியைப் போட்டார். வாசலில் நின்றார்.

"போ..."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"போகி..."

அம்மா கண் முன்னால் வந்தாள். கையில் செருப்பு இருந்தது.

"போய்விட்டு வருகிறேன்."

யாத்விகா பையைத் தரையில் போட்டாள். போக்தான் மறுபடி டீயைக் கலக்க ஆரம்பித்தார். அதில் கலக்க ஒன்றும் மிச்சமில்லை.

சுடலைமுத்து வெளியே வந்தார். பனி கொட்டியது. முடிந்தது கதை. ஃபிளெக்ஸ், கூலிங் கிளாஸ், சிங்கம், எல்லாம் முடிந்தது.

கேட்டுக்கு வெளியே பஸ் நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தார்.

போயிட்டு வாங்கண்ணா.

கால் படியிலேயே நின்றுவிட்டது.

ரெண்டு தடவை சொன்னாளே, போயிட்டு 'வாங்க'ன்னு.

"ஏறுகிறாயா, இல்லையா?" என்றார் டிரைவர்.

'இதோ வருகிறேன்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டார்.

"இல்லை," என்றார்.

ஓடினார். பனியில் ஒரு தடவை விழுந்தார். எழுந்து ஓடினார். கதவைத் தள்ளித் திறந்தார்.

"வந்துவிட்டேன்!"

யாத்விகா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

போக்தான் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எதற்கு?"

சுடலைமுத்து யோசித்தார். இன்றைக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உண்மைக்குப் போலிஷில் வார்த்தை கிடைக்கவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"சும்மா."

"ஷும்மா," என்றார் போக்தான். இன்னொரு தடவை, மென்று பார்க்கிற மாதிரி, "ஷும்மா."

யாத்விகா கத்த ஆரம்பித்தாள். உனக்காகக் காத்திருக்க நாங்கள் முறை போட்டு வைத்திருக்கிறோம் தெரியுமா, என் முறை வருகிற நாளெல்லாம் என் பேருந்து போய்விடுகிறது தெரியுமா, பின்னிக் கொடுத்த கையுறையைத் திருப்பி வாங்கலாம் என்று இருந்தேன் தெரியுமா. பாதிதான் சுடலைமுத்துவுக்குப் புரிந்தது. பாதியே போதுமானதாக இருந்தது.

கத்தி முடித்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

பால் இல்லாத டீ. மேலே ஓர் எலுமிச்சைத் துண்டு மிதந்தது. குடித்தார். வாயில் வைக்க முடியவில்லை.

"இன்னொன்று," என்றார்.

போக்தான் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். மூன்று பேரும் பேசாமல் குடித்தார்கள். பேச யாருக்கும் ஒன்றும் இல்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

அடுத்த பஸ் நேரத்துக்கு யாத்விகா பையை எடுத்தாள். போக்தானும் எழுந்து கோட்டை மாட்டினார். பாக்கெட்டில் கையை விட்டு, அறைச் சாவியை எடுத்து, சுடலைமுத்துவின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"திங்கட்கிழமை நீ திற."

வாசல் வரை போனார். திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை. கையைத் தூக்கினார்.

"போய்விட்டு வருகிறேன்."

இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

சுடலைமுத்து பூட்டைக் கையில் எடுத்தார்.

ஜன்னலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

பூட்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்கப் போட்டார். மூன்று டம்ளரையும் கழுவினார்.