அக்கரையில் இரண்டு அணில்கள்

ஓடைக்காட்டில் எந்தப் பொந்து யாருடையது என்ற கணக்கு முழுவதும் ஒரே ஓர் ஆமையின் தலையில் இருந்தது. கோடையில் ஆமை செத்துப்போயிற்று. கணக்கும் அதோடு போயிற்று. முதல் மழை விழுந்ததும் காடெங்கும் சண்டை.

"என் பொந்துல நீ எப்படிப் படுக்கலாம்?"

"உன் பொந்துன்னு வாசல்ல எழுதி ஒட்டியிருக்கா?"

காட்டின் தலைவரான கரடி எல்லாரையும் கூட்டியது.

"இனிமே ஒரே தலையை நம்பிப் பிரயோஜனம் இல்ல. இளசுகளுக்கு ஒரு போட்டி வைக்கிறேன். அஞ்சு பேர் ஓர் அணி. அஞ்சு பேரும் ஓடைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமா பிரிஞ்சு உட்காரணும். பொந்து கேட்டு வர்றவங்களுக்குக் காலிப் பொந்தைக் கொடுக்கறதும் நீங்கதான். அந்தக் கணக்கு அஞ்சு தலையிலும் இருக்கணும். யார்கிட்ட போய்க் கேட்டாலும் ஒரே பதில் வரணும். ஜெயிச்ச அணிக்கு நாவல் மரத்துப் பெரிய பொந்து!"

இரண்டு அணிகள் முன்வந்தன. ஒன்று குரங்குக் குட்டிகள். அவற்றின் தலைவன் தாவலன். இன்னொன்று அணில் பிள்ளைகள். அவற்றுக்கு மினுக்கி என்ற பெண் அணில் தலைவி. காற்றில் அணில்களின் மரம் சாய்ந்துவிட்டது. மழைக்காலம் முழுவதும் நனைவதா, நாவல் மரப் பொந்தில் படுப்பதா என்பது இந்தப் போட்டியில்தான் இருந்தது.

குரங்குகளின் ஏற்பாடு எளியது. யாரைக் கேட்டாலும் அவரே உடனே பதில் சொல்லிவிடுவார். மற்ற நால்வருக்கும் அப்புறம் சாவகாசமாகச் சொல்லி அனுப்புவார்.

அணில்களின் ஏற்பாடு வேறு. ஐவரில் மூவர் ஒத்துச் சொன்னால்தான் பதில். அதனால் ஒரு கேள்வி வந்தால் ஓர் அணில் மரத்துக்கு மரம் ஓடி, இன்னும் இருவரைக் கேட்டுக்கொண்டு திரும்பி வரும்.

"நீ பதில் கொண்டு வர்றதுக்குள்ள என் முள்ளெல்லாம் நரைச்சிடும்!" என்றது பொந்து தேடி வந்த முள்ளம்பன்றி.

"அக்கா, நாமும் குரங்குங்க மாதிரியே செஞ்சிடலாமே?" என்று கேட்டது மினுக்கியின் தம்பி குட்டிவால்.

"பேசாம ஓடுடா!" என்றாள் மினுக்கி.

கடைசி நாள் நல்ல மழை. ஓடையில் வெள்ளம் புரண்டது. இரு கரைக்கும் பாலமாக ஒரு பனைமரம் குறுக்கே கிடந்தது. கரடி வந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பனைமரத்தை ஓடைக்குள் தள்ளிவிட்டது!

"மாமா, என்ன இது!" என்று அலறினான் தாவலன்.

"இதுவும் போட்டிதான்" என்றது கரடி.

தண்ணீர் இரைச்சலில் ஒரு கரையின் கூப்பாடு மறு கரைக்குக் கேட்கவில்லை. ஓடை பிறக்கும் மலைவரை ஏறிச் சுற்றி வந்தால் மறுகரைக்குப் போகலாம். ஆனால் அதற்கு அரைநாள் ஆகும்.

இக்கரையில் மூன்று குரங்குகள், மூன்று அணில்கள். அக்கரையில் தாவலனும் இன்னொரு குரங்கும், மினுக்கியும் குட்டிவாலும்.

இக்கரையில் முள்ளம்பன்றி மறுபடி வந்தது. "மலை உச்சிப் பொந்து காலியா?"

"காலி!" என்றன குரங்குகள். மூன்று அணில்களும் கூடிப் பேசி, "காலிதான், எடுத்துக்குங்க" என்றன. முள்ளம்பன்றி குடும்பத்தோடு மலையேறிப் போயிற்று.

சற்று நேரம் கழித்து அக்கரையில் ஒரு கீரி நனைந்த குட்டிகளோடு வந்தது.

"மலை உச்சிப் பொந்து காலியா, பிள்ளைகளா?"

"காலி அத்தை! ஓடுங்க!" என்றான் தாவலன்.

கீரி மினுக்கியைப் பார்த்தது. குட்டிவால் அக்காவின் காதில் கிசுகிசுத்தது. "சொல்லிடுக்கா! நேத்து காலியாத்தானே இருந்துச்சு! பதில் சொல்லலேன்னா தோத்துடுவோம். நமக்குப் படுக்க இடம் இல்லக்கா!"

மினுக்கி நாவல் மரம் இருந்த திசையைப் பார்த்தாள். மழையில் அது தெரியவில்லை.

"நேத்து காலி அத்தை. இன்னிக்குத் தெரியாது. இங்கே நாங்க ரெண்டே பேர். அந்தக் கரையில யாருக்காவது கொடுத்திருக்கலாம். தம்பியைச் சுத்தி அனுப்பிக் கேட்டு வரச் சொல்றேன். அதுவரைக்கும் குட்டிகளை இந்தப் பாறைக்கடியில வையுங்க."

"தெரியாதுன்னு சொல்லவா போட்டிக்கு வந்தே? என் குட்டிங்க நடுங்குது, உனக்குக் கண் தெரியல?" என்று கத்தியது கீரி.

"போங்க அத்தை! அவளுக்கு எதுதான் தெரியும்!" என்று சிரித்தான் தாவலன்.

கீரி குட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேறிற்று. பொந்து இருட்டாக இருந்தது. முகத்தை உள்ளே நீட்டியது. மறு நொடி "ஐயோ!" என்ற அலறல் மலையெங்கும் கேட்டது.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. எல்லாரும் கூடினார்கள்.

"எங்களைக் கேட்டவங்க ஒருத்தரும் பதில் இல்லாமப் போகல! அணில்கள் ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லல. பரிசு எங்களுக்குத்தான்!" என்றான் தாவலன்.

"அந்தக் கேள்வியைக் கேட்டது யாரு?" என்றது கரடி.

கீரி முன்னால் வந்தது. அதன் மூக்கு வீங்கியிருந்தது. மூக்கு நுனியில் இன்னும் ஒரு முள் நின்றது. மினுக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதில் சொல்லாத இவள் மேல எனக்குக் கோபம் வந்துச்சு" என்றது கீரி. "பதில் சொன்ன அவனாலே முள்ளு வந்துச்சு. கோபம் நேத்தே போயிடுச்சு. முள்ளு இன்னும் போகல!"

காடே சிரித்தது. தாவலன் மட்டும் சிரிக்கவில்லை. கரடி நாவல் மரத்தை அணில்களுக்குக் காட்டியது.

"ஆனா, ரொம்ப மெதுவா ஓடுறீங்க" என்றும் சொல்லிற்று.

"இனிமே வேகமா ஓடுறோம் மாமா!" என்று கத்திக்கொண்டே குட்டிவால் எல்லாருக்கும் முன்னால் பொந்துக்குள் புகுந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரால் காரியம் தாமதமாகும். தெரிந்ததுபோல் சொல்பவரால் காரியமே கெடும்.