டிக்கிக்கு ஏன் இரண்டு அளவு?

பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகள் நிறைய உண்டு. இது பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களுடையது.

கோவை கணபதியில் பம்பு செட் பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவர் குழந்தைவேலு. அவர் மனைவி மனோன்மணிக்கு வெகு நாளாக ஓர் ஆசை: மேல்கூரை திறக்கிற காரில், காற்று முகத்தில் அடிக்கப் போக வேண்டும். இந்த வயதில் இதென்ன ஆசை என்று சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். குழந்தைவேலு சிரிக்கவில்லை, ஷோரூமுக்குப் போனார். அந்த மட்டில் நல்ல மனுஷர்தான்.

விற்பனைப் பெண் பிரதீபா வண்டியின் விவரங்களை மனப்பாடமாகச் சொன்னாள். சின்ன வண்டி, இரண்டே கதவு, பின்சீட் பேருக்குத்தான். ஆனால் இருநூற்று முப்பது குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு விநாடிகூட ஆகாது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் துணிக்கூரை பதினெட்டு விநாடியில் மடிந்து பின்னால் போய்விடும். டிக்கியின் கொள்ளளவு, கூரை மூடியிருந்தால் இருநூற்றுப் பதினைந்து லிட்டர். திறந்திருந்தால் நூற்று அறுபது.

"அதெல்லாம் இருக்கட்டும் அம்மிணி. வெலையில எவ்வளவு கொறைப்பீங்க, அதைச் சொல்லு" என்றார் குழந்தைவேலு.

ஷோரூம் விலை அறுபது லட்சம். வரியும் இன்சூரன்சும் சேர்ந்து ரோட்டில் இறங்கும்போது எழுபத்தைந்தைத் தாண்டும். அதில் ஒரு லட்சத்தைக் குறைக்க ஒரு பகல் முழுக்கப் பேசினார். ஒரே டிக்கிக்கு ஏன் இரண்டு அளவு என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

வண்டி எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். கூரையைத் திறந்து மூடி, எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சாவி கொடுக்க வேண்டும் என்பது ஷோரூம் வழக்கம். மனோன்மணி முன்பக்கம் குனிந்து சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ரங்கராஜ் வெளியே பழைய காரில் காத்திருந்தார். பிரதீபா குழந்தைவேலுவிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஐயா, டிக்கியில எதையும் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு விசயம்..."

"மணி பத்தே கால் ஆச்சு. ராகு காலத்துல வண்டி எடுக்கச் சொல்றியா? சாவியைக் குடு அம்மிணி."

கொடுத்துவிட்டாள்.

வண்டி நல்ல நேரத்தில் நகர்ந்துவிட்டது. ஈச்சனாரிப் பிள்ளையார் கோயில் வாசலில் ராகு காலம் கழியும்வரை சும்மா நின்றிருந்து, பிறகு பூஜை போட்டார்கள். பித்தளைத் தாம்பாளமும் தேங்காய் மூடிகளும் இருந்த கூடையை ரங்கராஜ் பழைய காருக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"புது வண்டிப் பிரசாதம் புது வண்டியிலதான் போகோணும். டிக்கியில வெய்யி" என்றார் குழந்தைவேலு.

மனோன்மணி ஆசையோடு பொத்தானை அழுத்தினார். கூரை அசையவில்லை. வண்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு சரியாக மூடவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. ரங்கராஜ் தடுப்பைக் கூடையின் மேல் வைத்து அழுத்திப் பூட்டினார். மனோன்மணி மறுபடி அழுத்தினார். பாதியில் நறுக்கென்று ஒரு சத்தம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றது; அவர் விரலை எடுக்கவில்லை. தாம்பாளத்தின் விளிம்பு துணியைக் கிழித்து, கூரையின் சட்டம் வளைந்து, கூரை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் திரிசங்காக நின்றுவிட்டது.

அதே கோலத்தில் வண்டி ஷோரூமுக்குத் திரும்பியது. இதற்கு வாரண்டி கிடையாது என்றார் மேனேஜர். குழந்தைவேலு கொதித்துப் போனார்.

"இதுக்குக் காரணம் யாரோ, அவங்களுக்கு இன்னியோட வேலை இல்லை. என்ற ஆளா இருந்தாலுஞ் செரி, உங்க ஆளா இருந்தாலுஞ் செரி."

மேனேஜர் தலையாட்டினார்.

"என் தப்புதாங்க ஐயா" என்றாள் பிரதீபா, கண்ணைத் துடைத்தபடி. "கூரை மடிஞ்சு உக்கார்ற எடம் அதுன்னு சொல்லாம சாவியைக் குடுத்திருக்கக் கூடாது. கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்."

"அந்தப் புள்ளைய விடுங்க மொதலாளி" என்றார் ரங்கராஜ். "வண்டி வேண்டாம் வேண்டாம்னு கத்துச்சு. நாந்தான் அழுத்திப் பூட்டுனேன். இத்தனை வருசம் வண்டி ஓட்டி என்ன பிரயோசனம்?"

மனோன்மணி குறுக்கே வந்தார். "ஏனுங்க, ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணைப் போடாதீங்க. சத்தம் எனக்குக் கேட்டுதுங்க. நாலு பேரு பாக்கறாங்கன்னு வெரலை எடுக்கலை. ஆசைப்பட்டதே நாந்தானே."

மூவர் சொன்னதும் பொய்யில்லை. மூவருக்கும் நெஞ்சு குறுகுறுத்தது நிஜம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இதில் வேலையை இழக்க வேண்டிய தப்பைச் செய்தவர் யார்?

விடை: மூவரிடமும் தப்பு உண்டு. ஆனால் டிக்கியில் எதையும் வைக்கும் முன் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு என்பது, பிரதீபாவைத் தவிர, ஒரே ஒருவர் காதில்தான் விழுந்தது. கோயில் வாசலில் சும்மா நின்ற நேரத்தில் ஒரு போன் போட்டு மீதியைக் கேட்டிருக்கலாம். கேட்காதவரேதான் கூடையை டிக்கியில் வைக்கவும் சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூவரும் பேசி முடித்தபோது அந்த நாலாவது ஆளுக்கும் அது உறைத்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிரதீபாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"டிக்கியில எதையும் வைக்கறதுக்கு முன்னாடி... அப்புறம் என்ன அம்மிணி? இப்பச் சொல்லு."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.