கை வைத்த சட்டை

நீலிக் கணவாயைக் காவல் காத்து வந்தது சிறகு முளைத்த ஒரு நாகம். தென்னை மரத்தளவு நீளம். சிறகை விரித்தால் கல்யாணப் பந்தல்தான். அது இதுவரை யாரையும் கடித்ததில்லை. வழி தவறிய ஆட்டைக் கொண்டுவந்து விடும். மழையில் மாட்டிக்கொண்டவர்களைச் சிறகடியில் நிறுத்திக்கொள்ளும். ஆனாலும் மலைக்கு அப்பால் இருந்த கொள்ளையர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

காவல் கற்க ஓர் ஆளை அனுப்பும்படி ஊருக்குச் சொல்லி அனுப்பியது நாகம். யாரும் முன்வரவில்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். வந்த பெயர் அங்காத்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள். பல்லி கத்தினாலே பாயைச் சுருட்டுகிறவள். 'எல்லா ஓலையிலும் என் பேரையே எழுதியிருப்பானுங்க' என்று முனகிக்கொண்டேதான் மலையேறினாள்.

வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரே கேள்விதான்.

"குருவே, இந்தப் பயம் எப்பப் போகும்?"

"அந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்து. வெயில் மறைக்குது."

மூன்று மாதம் கழித்தும் கேட்டாள்.

"குருவே, இந்தப் பயம்..."

"முதுகு அரிக்குது. சொறிஞ்சு விடு."

சொறிந்தாள். தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், நாகத்தின் கண் இரண்டும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன.

"சாமி! கண்ணுக்கு என்ன ஆச்சு?" பயம் கூடினால் அவளுக்குக் குரு சாமியாகிவிடும்.

"சட்டை உரிக்கிற நேரம். முடியிற வரைக்கும் கண் தெரியாது. அதுக்குத்தான் ஆள் கேட்டேன்."

"காவல் கத்துக்கொடுக்கன்னு சொன்னீங்களே?"

"சட்டை கழட்ட வாங்கன்னா வந்திருப்பீங்களா?"

மறுநாள் உச்சி வெயிலில் நாகம் பாறைமேல் ஏறிச் சட்டையை உரிக்கத் தொடங்கியது. பாதி வந்ததும் நின்றுவிட்டது.

"மத்த பாம்புக்குக் கையில்லாத சட்டை. கல்லுல உரசினா கழண்டுடும். எனக்கு ஆண்டவன் கை வைச்சுத் தைச்சுட்டான். மனுஷங்க மாதிரி தலைவழியாத்தான் கழட்டணும். அக்குள்ல பிடிக்குது பார். இழு."

தலை உள்ளே, சிறகு இரண்டும் உள்ளே. குளிக்க அழைத்த பிள்ளை சட்டைக்குள் சிக்கிக்கொண்டு கையைத் தூக்கி நிற்குமே, அப்படி நின்றது கணவாயின் காவல்.

அங்காத்தாள் இடப் பக்கத்துக் கையைப் பிடித்தாள். அப்போதுதான் கீழே புழுதி தெரிந்தது.

"சாமி, குதிரைங்க. எல்லார் கையிலயும் ஈட்டி."

"எந்தப் பக்கமிருந்து?"

"அந்தப் பக்கமிருந்துதான். உங்களுக்குக் கண் தெரியலன்னு எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாங்க. பின்னே, சம்பந்தி வீட்டுலேருந்து சீரா கொண்டு வருவாங்க? பறந்து போய் விரட்டுங்க!"

"எப்படிப் பறக்கிறது? கை உள்ள இருக்கு."

"என் மக பிள்ளை பெத்து ஒன்பது நாள்தான் ஆகுது. எழுந்து ஓடக்கூட முடியாது அவளால. ஏ பாம்பே! இதுக்கா உன்னைக் காவலுக்கு வைச்சோம்?" கோபம் வந்தால் சாமியும் போய்விடும்.

"திட்டினது போதும். இழு."

ஊருக்கு இறங்கும் பாதை அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாகத்தின் முதுகில் காலை ஊன்றிக்கொண்டு சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தாள்.

இழுக்க முடியவில்லை. கை நடுங்கியது. கை நடுங்க, காய்ந்த சட்டையும் நடுங்கியது. பனந்தோப்பில் சூறைக்காற்று புகுந்ததுபோல் ஒரு சலசலப்பு. அது பாறையில் மோதிக் கணவாய் முழுக்க உறுமியது.

குதிரைகள் நின்றன. கொள்ளையர் தலைவன் அண்ணாந்து பார்த்தான்.

"தலையே இல்லாம ஆடுதுடா!"

அவ்வளவுதான். யார் குதிரையில் யார் ஏறினான் என்று அவர்களுக்கே தெரியாது. ஈட்டிகள் வழியெல்லாம் கிடந்தன.

அதே நேரம் சட்டை டர்ரென்று கழன்றது. அங்காத்தாள் மல்லாக்க விழுந்தாள். புதுச் சிறகு வெயிலில் மின்ன, நாகம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கீழே பார்த்தது. புழுதி அடங்கிக்கொண்டிருந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க, குருவே." அவளுக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. மடியில் கிடந்த சட்டையைத் தடவியபடியே இருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"குருவே, நான் பிடிச்சிருந்தது இந்த இடக் கையைத்தான்."

"ம்."

"வலப் பக்கத்துக் கையும் சேர்ந்து ஆடுச்சே. அதை யார் ஆட்டினது?"

நாகம் சிறகைக் கோதிக்கொண்டது.

"உங்க ஊர்ல என்னைப் பத்தி ஒரு பழமொழி சொல்லுவாங்களே, அது என்ன?"

"பாம்பென்றால் படையும் நடுங்கும்."

"படை நடுங்கும்னு சொல்லலையே. படையும்னுதானே சொல்லி வைச்சிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப, அதுக்கு முன்னாடியே நடுங்கிக்கிட்டிருந்தது யாரு?"