தண்ணீர்த் தட்டு

"இருபத்தேழு வருஷம் கழிச்சு நிரூபிச்சிட்டேன் மேடம். தப்பு என் பொண்டாட்டி மேலதான்."

சொல்லிக்கொண்டே தாணுலிங்கம் உள்ளே வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சந்தோஷம். வயது அறுபது.

பேராசிரியர் கனகபாய் நாற்காலியைக் காட்டினார். சீடனைவிட குருவுக்கு இரண்டு வயது குறைவு. தாணு வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்து, முப்பத்து மூன்றாவது வயதில் இந்த நாகர்கோவில் கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். அன்று கூப்பிட ஆரம்பித்த மேடம் இன்றுவரை மேடம்தான்.

"யாரு, கோலம்மையா?"

"அவளேதான்."

விஷயம் இதுதான். கேழ்வரகை முளைகட்டும்போது ஒரு ஹார்மோன் மருந்தைத் தண்ணீரில் சொட்டளவு கலந்து தெளிப்பார்கள். ஏதோ பூச்சி கடிக்க வந்துவிட்டது என்று முளை நம்பிவிடும். பயத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் சத்துகளைக் கூடுதலாக உண்டாக்கும். தின்கிற நமக்கு லாபம். முளையை ஏமாற்றுகிற வேலைதான், ஆனால் நல்ல வேலை.

இதை நிரூபிக்க இரண்டு தட்டு வேண்டும். ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு வெறும் தண்ணீர். தண்ணீர்த் தட்டில் சத்து கூடக் கூடாது. கூடினால் ஆராய்ச்சி பாழ்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்பு தாணுவின் தண்ணீர்த் தட்டில் கூடிவிட்டது. ஒரு தடவை அல்ல, எட்டு மாதம்.

தெளித்தவள் கோலம்மை. புருஷனுக்கு ஒத்தாசையாகத் தினமும் வந்தாள். சிவப்பு மூடி மருந்து, நீல மூடி தண்ணீர். "மாத்தி அடிச்சிட்டே" என்று தாணு அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "நான் மாத்தல" என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

"மாத்தி அடிச்சிருக்க மாட்டா, கேழ்வரகுலயே ஏதாவது கோளாறு இருக்கும்னு நீங்கதான் அப்ப சொன்னீங்க" என்றார் தாணு. "நானும் கேழ்வரகை விட்டுட்டு பாசிப்பயறுக்குப் போயி, ஒரு வருஷம் தாமதமா பட்டம் வாங்கினேன். இப்ப எங்க விவசாய ஆராய்ச்சி ஆபீஸ்ல அதே ரகக் கேழ்வரகை வெச்சுப் பாத்தேன். நானே தெளிச்சேன். தண்ணித் தட்டு இம்மிகூட ஏறல. அப்ப கேழ்வரகு மேல தப்பு இல்ல. வேற யாரு?"

"இப்ப என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ரிடையர்மென்ட் விழா. பேச்சுல இதைச் சேத்திருக்கேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"கோலம்மை?"

"முதல் வரிசையில இருப்பா. அவளுக்குப் பழகிப் போச்சு. கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லியிருக்கேன்லா."

"சொல்லும்போது அவ என்ன செய்வா?"

தாணு யோசித்தார். "எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருவா."

கனகபாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்த நாளைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"எந்த நாளு?"

"கோலம்மை இங்க வந்துக்கிட்டிருந்த நாளு."

தாணு ஃபைலை மூடினார். அவருக்கும் அதைப் பேச ஆசையாகத்தான் இருந்தது.

"ஆடி மாசச் சாரல் மேடம். சுசீந்திரத்துல இருந்து பஸ். ரெண்டு பேருக்கும் ஒரு குடை. பாதி நனைஞ்சுதான் வருவோம். தூக்குவாளியில சோறும் உள்ளித் தீயலும் இருக்கும். இந்த வராந்தாவுல உக்காந்து சாப்பிடுவோம்."

"வேற?"

"முளையை ரெண்டு எடுத்து வாயில போட்டு மென்னு பாப்பா. இன்னைக்கி இனிச்சு வருதும்பா. நான் கருவியில பாத்துச் சொல்றதுக்கு முந்தி அவ நாக்கு சொல்லிரும். முளை வளக்கற இருட்டறையில பாடிக்கிட்டே தெளிப்பா. சுருதி சேராது. ஆனாலும் நல்லா இருக்கும்." தாணு வராந்தாப் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு காலம் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கல மேடம்."

"வேற?"

"வேற என்ன? பஸ்ஸை விட்டு இறங்கினதும் பிச்சிப்பூ ஒரு முழம் வாங்குவா. இருட்டறை ஒரே புழுக்கம்லா. தலையில இருந்தா வாடிரும்னு கழட்டி, தட்டை மூடின ஈரத்துணி மேல வெச்சிருவா. ஈரத்துல கிடந்தா வாடாதும்பா. சாயந்திரம் எடுத்துச் சூடிக்கிட்டுக் கிளம்புவா."

"எந்தத் தட்டு?"

"தண்ணித் தட்டுதான். மருந்துத் தட்டு பக்கத்து ரூம்ல இருக்கும். மருந்தோட ஆவிகூட தண்ணித் தட்டுல படக்கூடாது பாருங்க. அவ்வளவு ஜாக்கிரதை."

கனகபாய் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இன்னொரு தடவை செய்வோம்" என்றார்.

"எதுக்கு மேடம்? அதான் நிரூபிச்சாச்சே."

"வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும். மருந்தே வேண்டாம். ரெண்டு தட்டுக்கும் தண்ணி. ஒண்ணு இருட்டறையில, ஒண்ணு ஸ்டோர் ரூம்ல. காலையில நீங்க தெளிங்க. மத்தியானம் நான் தெளிக்கேன்."

கனகபாய் மருந்துப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாணுவிடம் கொடுத்தார். தாணு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேடம் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வயதாகிவிட்டது மேடத்துக்கு என்று மட்டும் நினைத்தார்.

மூன்று நாளும் காலையில் வந்து தெளித்துவிட்டு ஆபீசுக்குப் போனார். வியாழக்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு தட்டிலிருந்தும் கனகபாய் எடுத்துக் கொடுத்த முளையை அரைத்து, கருவியில் வைத்துப் பார்த்தார்.

ஸ்டோர் ரூம் தட்டு ஏறவில்லை.

இருட்டறைத் தட்டு ஏறியிருந்தது. அன்றைக்கு ஏறிய அதே அளவுக்கு.

தாணு மறுபடியும் வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. மத்தியானம் தெளிக்கையில நீங்க தெரியாம மாத்தி..."

"சாவி எங்க?"

தாணு சட்டைப் பையைத் தொட்டார். சாவி இருந்தது.

"தாணு, இந்த ஹார்மோனை முதமுதல்ல எதுல இருந்து பிரிச்செடுத்தாங்க?"

இருபத்தைந்து வருடமாக ஆபீசுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தாணு சொல்லிவரும் பாடம். தூக்கத்தில் கேட்டாலும் வரும். கேட்ட மாத்திரத்தில் ஒப்பித்தார்.

"பிச்சிப்பூ எண்ணெய்ல இரு..."

பாதியில் நிறுத்தி, இருட்டறைப் பக்கம் பார்த்தார்.

கனகபாய் இருட்டறைக் கதவைத் திறந்தார். தட்டை மூடிய ஈரத்துணியின் மேல் ஒரு முழம் பிச்சிப்பூ கிடந்தது. மூன்று நாளும் மத்தியானம் கனகபாய் வைத்து, சாயந்திரம் எடுத்துவிடுகிற பூ. வாடவே இல்லை. இத்தனை வருடம் அந்த மருந்தோடு புழங்கி மரத்துப்போன தாணுவின் மூக்குக்குக்கூட வாசனை எட்டியது.

அவர் குனிந்து பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"நானும் பாத்திருக்கேன்" என்றார் கனகபாய். "தினமும் இந்தப் பூ இங்க கிடக்கதைப் பாத்திருக்கேன். அழகா இருக்குன்னு மட்டும்தான் நினைச்சேன். கோலம்மைக்கு நானும்தான் கடன்பட்டவ."

தாணு பேச்சைக் கேட்டமாதிரி தெரியவில்லை. ஃபைலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வடசேரியில் பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கினார். பூக்காரி இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோலம்மை அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னைக்கி நேரத்தோட வந்தாச்சு?"

தாணு அடுக்களை வாசலிலேயே நின்றார். இத்தனை வருடத்தில் அவளைத் தேடி அவர் அங்கே வந்து நின்றதில்லை.

"கோலம்மை, நீ மாத்தி அடிக்கல."

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ தட்டு மேல பூ வைப்பேல்லா, அந்த வாசனைதான் முளைக்கு மருந்தாயிருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

பொட்டலத்தை நீட்டினார். கோலம்மை வாங்கிப் பிரித்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளி உரித்த கண் ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது.

"சூடிக்கோ" என்றார் தாணு.

அவள் கொடியில் கிடந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். ஒரு தட்டில் விரித்தாள். அதன்மேல் பூவை வளைத்து வைத்தாள்.

"நான் மாத்தி அடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நாளைக்கி மேடையில இதையும் சொல்லுங்க. அதுவரைக்கும் இது ஈரத்துல கிடக்கட்டும்."